பாதி வெளுத்த தரை

காலை 11.10. கடைக்குப் போய்த் திரும்பிய மனைவி குளியலறைக் கதவைத் திறந்தார். மறுநிமிடம் காய்கறிப் பையோடு அங்கேயே சுருண்டு விழுந்தார். எதிர்வீட்டு நர்ஸ் ஓடிவந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே இழுத்துப் போட்டதால் உயிர் தப்பியது.

11.50. பெண் எஸ்.ஐ. வந்தபோது மனைவியையும் நர்ஸையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. கணவர் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். வரலாற்றுப் பேராசிரியர். கையில் பிரிக்காத புதுக் கால்மிதி. அரைக்கால் சட்டை, கீழே காலேஜுக்குப் போடும் கறுப்பு சாக்ஸ். படித்தவர்கள் உடுத்தும் லட்சணமே தனி என்று எஸ்.ஐ. நினைத்துக்கொண்டாள்.

"வேலைக்காரம்மாதான் மேடம்" என்றார் அவர். "ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டிட்டுப் போயிருக்காங்க. விஷப்புகை வரும்னு தெரியல, பாவம். ஆஸ்பத்திரிக்கும் போன்ல சொல்லிட்டேன்."

எஸ்.ஐ.க்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த தெருவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அந்தம்மாவை, ஈரக்கை துடைக்கவும் விடாமல் கூட்டிவரச் செய்தாள். தன் அம்மா வயதுக்காரியை வாசல் படியில் உட்காரவைத்து, தெரு பார்க்க விசாரித்தாள்.

"எத்தனை மணிக்குப் போன?"

"ஒன்பதரைக்குங்க."

"ஆசிட் ஊத்தினது நீதானே?"

"அதை நான் தொடறதே இல்லைங்க. எனக்கு சோப்புத்தூள்தான்."

"ஏழு வருஷமா இங்க வேலை செய்யற. பாத்ரூம் டைல்ஸ் ஒரே அழுக்குன்னு சார் சொல்றாரே, ஏன்?"

"பழசுங்க. பல்லு மாதிரிதான். ஒரு வயசுக்கு மேல எவ்வளவு தேய்ச்சாலும் மஞ்சள் போகாது."

பேராசிரியர் விட்டத்தைப் பார்த்தார். எஸ்.ஐ. தாளை எடுத்து அந்தம்மாவின் பெயரை எழுதினாள்.

12.20. நெடி அடங்கியதும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். ரயில் பெட்டி போல நீளமான குளியலறை. ஒரு முனையில் கதவு, மறுமுனையில் சாத்திய சின்ன ஜன்னல். கதவோரத்து டைல்ஸ் புதுசு மாதிரி வெளுத்திருந்தது. உள்ளே போகப்போக வெளுப்பு குறைந்தது. ஜன்னலடியில் பழைய கறுப்பு அப்படியே இருந்தது. பிரஷ், காலி ஆசிட் பாட்டில், பவுடர் டப்பா எல்லாம் அங்கேதான் கிடந்தன. அழுக்கு நுரையும் அங்கேதான் தேங்கியிருந்தது. தண்ணீர் போகிற ஓட்டையோ கதவோரத்தில் இருந்தது.

எஸ்.ஐ. வெளியே வந்தாள்.

"கூடத்துத் தரையை எப்படித் தேய்ப்பன்னு செஞ்சு காட்டு."

அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தைக் கடந்து, எதிர்ச்சுவரடியில் குந்தி உட்கார்ந்தார். அங்கிருந்து கையை வீசித் தேய்த்தபடி பின்னாலேயே நகர்ந்து வாசலுக்கு வந்தார். பாதம் இரண்டும் வெடித்திருந்தன. ஆனால் ஆசிட் சுட்ட சிவப்புப் பொட்டு ஒன்றுகூட இல்லை.

எஸ்.ஐ.க்குக் காது மடல் சுட்டது. பெயர் எழுதிய தாளைக் கிழித்தாள். தரையைப் பார்க்காமல் முதலில் ஆளைப் பார்த்தோமே என்று கூனிக் குறுகினாள்.

"சார், சாக்ஸைக் கழட்டுங்க."

"எதுக்கு மேடம்?"

"கழட்டுங்க."

உள்ளங்கால் இரண்டும் வெந்து கொப்பளித்திருந்தன.

"தரை தேய்ச்சுப் பழகினவங்க உள்சுவர்ல ஆரம்பிச்சு வாசலுக்கு வருவாங்க. பழகாதவர் வாசல்ல ஆரம்பிச்சு, ஜன்னலடியில போய் மாட்டிக்குவார். வெளிய வரணும்னா தான் ஊத்தின ஆசிட் மேலயே நடக்கணும். நீங்க நடந்திருக்கீங்க."

பேராசிரியர் நாற்காலியில் சரிந்தார்.

"போன வாரம் விருந்தாளிங்க முன்னாடி, என் மனைவி பாத்ரூமை பஸ் ஸ்டாண்ட் மாதிரி வெச்சிருக்கான்னு சொல்லிட்டேன். அதுலேர்ந்து அவ முகம் கொடுத்துப் பேசல. அவ வர்றதுக்குள்ள பளிச்சுனு ஆக்கிடலாம்னு பார்த்தேன். மூச்சு முட்டுச்சு. கதவைச் சாத்திட்டுக் கால்மிதி வாங்கப் போயிட்டேன்."

"அது விபத்து, எழுதிக்கிறேன். இவங்களைக் கை காட்டினது?"

"தெருவே கூடி நின்னுச்சு. எனக்கு மானம் போற மாதிரி இருந்துச்சு. வாயில அதுதான் வந்துச்சு."

எஸ்.ஐ. அந்தம்மாவிடம் திரும்பினாள். "மன்னிச்சிருங்கம்மா. நானும் விசாரிக்காம உங்க பேரை எழுதிட்டேன்."

அந்தம்மா அவளைப் பார்க்கவில்லை. பேராசிரியரைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில அம்மாகிட்டயும் நான்தான்னு சொல்லியாச்சா?"

அவர் கழற்றிய சாக்ஸை எடுத்துச் சுருட்டினார்.

12.55. அவருடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ். கண் முழித்துவிட்டார்களாம், பேசுகிறார்களாம். ஸ்பீக்கரில் போடும்படி எஸ்.ஐ. சைகை காட்டினாள்.

மனைவியின் குரல் கரகரத்தது. "அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே? அவங்களைத் திட்டிடாதீங்க. அன்னிக்கு விருந்தாளிங்க முன்னாடி நீங்க சொன்னதை அவங்ககிட்ட சொல்லித்தான் அழுதேன். என் தலைகுனிவு தாங்காம எனக்காகத்தான் தேய்ச்சிருப்பாங்க. அவங்களைத் தவிர எனக்காக யாரு செய்வா?"

அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவங்க இல்ல" என்றார் பேராசிரியர். "நான். அவங்க மேல பழி போட்டதும் நான்தான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல் கேட்டது. பிறகு, "போனை அவங்ககிட்ட கொடுங்க" என்றார் மனைவி.