முதல் தாள் தொங்கும் கயிறு

கலைஞனுக்கு உந்துதல் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இதை ஆதாரத்தோடு கண்டுபிடித்த முதல் மனிதன் நான். வயது இருபத்திரண்டு.

கல்லூரி இதழில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. யாரையாவது கிண்டல் செய்வதற்கென்றே ஒதுக்கிய பக்கம். இந்த முறை உள்ளூர்க் கலைஞர்கள் மூன்று பேரிடம் போய், 'உங்கள் படைப்புக்கு உந்துதல் எது?' என்று கேட்பதாக ஏற்பாடு. கிள்ளானில் சுவர் ஓவியம் வரையும் லியோனல் 'கடல்' என்றார். அவர் வீட்டு ஜன்னலில் டயர் கடைதான் தெரியும். ஷா ஆலமில் களிமண் சாடிகள் செய்யும் தாமரை 'மௌனம்' என்றார். அதை விளக்க முக்கால் மணி நேரம் பேசினார்.

மூன்றாவது ஆள் வெரோனிகா. பிரிக்பீல்ட்ஸில் பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் மேல்மாடியில் அச்சுப் படம் செய்பவர். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, மழையில், மேருவில் என் வீட்டிலிருந்து ஒரு பஸ், ஒரு ரயில், மிச்சம் நடை என்று போய்ச் சேர்ந்தேன். மரப்படி. ஏற ஏற மை வாடை. எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து, பல வருஷமாக ஜன்னல் திறக்காத வாடை.

வெரோனிகாவுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். வாரத்தில் ஐந்து நாள் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை.

"அக்கா, உங்களுக்கு எது இன்ஸ்பிரேஷன்?"

"சனிக்கெழம லீவு தம்பி. அதான்."

என் கட்டுரைக்கு இதைவிட நல்ல வரி கிடைக்காது.

அவரிடம் இயந்திரம் இல்லை. லினோ பிளாக் என்னும் மெத்துப் பலகையில் உளியால் படத்தை வெட்டி, ரோலரால் மை தடவி, மேலே தாளைப் பரப்பி, மரக்கரண்டியின் முதுகால் தேய்ப்பார். மையில் ரோலர் உருளும்போது ஈரமாக ஒரு சத்தம் வந்தது. யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுப்பது போல.

அன்றைய படம் கொமுட்டர் ரயில் ஸ்டேஷனில் ஓர் ஆளில்லாத பெஞ்சு. முதல் தாளை உரித்தெடுத்தார். அருமையாக வந்திருந்தது. அவரோ அதைப் பார்க்கக்கூட இல்லை. நேரே பின்னறைக் கதவுக்குப் போய், அங்கே கட்டியிருந்த கயிற்றில் துணி கிளிப்பால் மாட்டினார். கயிற்றுக்குக் கீழே ஒரு ஸ்டூல். ஸ்டூலில் கண்ணாடிக் குவளை நிறையக் கறுப்புக் கோப்பி. ஆவி பறந்தது.

"அது யாருக்குக்கா?"

"தெரியல."

"கோப்பி?"

"அதே ஆளுக்குத்தான். கோப்பி ஓ கோசோங். சீனி இல்லாத கறுப்புக் கோப்பி. சீனி போட்டா குடிக்காம அப்படியே இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. கையை முழங்கைவரை நீவிவிட்டுக்கொண்டே சொன்னார்: "நான் வாடகைக்கு வந்தப்பவே இந்தக் கயிறு இருந்துச்சு. எந்த பிளாக்கா இருந்தாலும் மொதத் தாளு நம்மளது இல்ல. சைன் பண்ண மாட்டேன், விக்க மாட்டேன். ஒரு தடவ வித்தேன். பதினோரு மாசம் ஒண்ணும் வரல."

"ஐடியா வரலயா?"

"ஐடியா வந்துச்சு. மைதான் வரல."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். நோட்டில் எழுதினேன்: 'பேய்க்கும் சர்க்கரை வியாதி.'

"சிரி, பரவால்ல. செவ்வாக்கெழம கண்காட்சி. பதினாலு வருஷத்துல எனக்குன்னு தனியா வைக்கிற மொதக் கண்காட்சி. அதுக்குள்ள இந்த பெஞ்சு இருபது தாளு வேணும். வேலையில வருஷ லீவும் முடிஞ்சு போச்சு." சொல்லிவிட்டு, அடுத்த தாளைத் தொடுவதற்கு முன் கை கழுவப் போனார்.

கிளிப்பைக் கழற்றினேன். தாளைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். கட்டுரைக்கு ஒரு படம் வேண்டுமே. பேய்க்கு உரிய தாள் இதழில் வந்தால் பேயும் ஒரு பிரதி வாங்குமே.

அப்போதுதான் குவளையைப் பார்த்தேன். பாதிதான் இருந்தது.

சூட்டில் ஆவியாகியிருக்கும் என்று விஞ்ஞானபூர்வமாக முடிவு செய்துவிட்டுக் கிளம்பினேன்.

ரயிலில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மை வாடை அவ்வளவு கனமாக இருந்தது. வீட்டுக்கு வந்து தாளை விரித்தேன்.

வெள்ளை.

பெஞ்சு இல்லை, தூண் இல்லை. கலைஞர்கள் கையெழுத்திடும் வலது மூலையில் மட்டும் ஒரு கறுப்புக் கட்டைவிரல் ரேகை. தொட்டேன். ஈரம்.

நோட்டைத் திறந்தேன். லியோனலின் கடல், வெள்ளை. தாமரையின் மௌனம், வெள்ளை. அது மட்டும் பொருத்தமாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் வலது மூலையிலும் அதே ரேகை.

போனில் பேட்டியைப் பதிவு செய்திருந்தேன். போட்டுக் கேட்டேன். வெரோனிகாவின் குரல் இல்லை. என் சிரிப்பும் இல்லை. ரோலர் உருளும் சத்தம் மட்டும். முன்னும் பின்னும். முன்னும் பின்னும்.

பிறகு ரோலர் நின்றது.

யாரோ கோப்பியை உறிஞ்சினார்கள்.

குவளையைக் கீழே வைத்தார்கள். சலித்துப்போன ஒரு பெருமூச்சு. மறுபடியும் ரோலர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெரோனிகா கூப்பிட்டார். "தம்பி, நீ அந்தத் தாள எடுத்தியா?"

எனக்குப் பொய் நன்றாக வரும். அன்று வரவில்லை. "ஆமாக்கா."

"முப்பத்தாறு தாளு போட்டுட்டேன். பிளாக்குல மை பளபளன்னு நிக்குது. தாளத் தூக்குனா வெள்ள. இன்னிக்கு சர்ச்சுக்கு, பூசைக்குக்கூடப் போகல." திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டத் தெம்பில்லாத குரல். "கொண்டு வந்துரு லா."

பகல் பன்னிரண்டு மணி. வெளியே வெயில் கொளுத்தியது. மேல்மாடிக்கு மட்டும் அது வரவில்லை. தரை முழுக்க வெள்ளைத் தாள்கள். நான் திருப்பிக் கொண்டுவந்த தாளைக் கயிற்றில் மாட்டினேன். வெரோனிகா புதிதாகக் கோப்பி ஊற்றி ஸ்டூலில் வைத்தார். இரண்டு பேரும் பின்வாங்கி நின்றோம்.

பின்னறைக்குள் ரோலர் உருளத் தொடங்கியது.

வெரோனிகா என் பக்கத்தில் நின்றார்.

அவருடைய ரோலர் எங்கள் முன்னால் மேசைமேல் கிடந்தது.

"பேசாத," என்றார் காதோரமாக.

கயிற்றில் தொங்கிய தாளில் மேலேயிருந்து சாம்பல் நிறம் இறங்கியது. கறுத்தது. கூரை வந்தது. தூண் வந்தது. பெஞ்சு வந்தது.

பெஞ்சு காலியாக இல்லை.

முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். தோளில் பை. அறுந்த வாரில் ஒரு முடிச்சு. என் பையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வெரோனிகா பிளாக்கைத் தடவினார். அதில் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. "இத நான் வெட்டலயே."

"கிழிச்சுரலாமாக்கா?"

"அது நம்மளது இல்ல தம்பி."

பிளாக்கில் மை தடவி, தாளைப் பரப்பி, கரண்டியால் தேய்த்தார். ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினார். கறுப்பு. அச்சுப் பிசகாத, ஆளில்லாத பெஞ்சு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கரண்டியைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் பத்தொம்பது," என்றார்.

கரண்டியை வாங்கி நான் தேய்த்தேன். ஆறு மணிக்கு என் விரல்கள் மடங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கண்காட்சி நடந்தது. நல்ல கூட்டம். உந்துதல் எது என்று யாரோ கேட்டார்கள். "சனிக்கெழம," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை இந்தக் கட்டுரையை இந்த வரி வரை எழுதி முடித்தேன். நூலகத்தில் முதல் பிரதியை அச்செடுத்து, படித்துப் பார்க்காமல் கவரில் போட்டேன். பஸ், ரயில், நடை. வெரோனிகா வேலையில் இருந்தார்; சாவி எங்கே இருக்கும் என்று சொல்லியிருந்தார். வழியில் கோப்பி ஓ கோசோங் ஒன்று பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கியிருந்தேன். குவளையில் ஊற்றினேன். சீனி இல்லைதானே என்று ஒருமுறை ருசி பார்த்துக்கொண்டேன்.

கயிற்றில் பெஞ்சுப் படம் இன்னும் தொங்கியது. பையன் பக்கத்தில் இப்போது இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார். கையில் கோப்பிக் குவளையோடு, களைத்துப்போய், அவன் தோளில் தலை சாய்த்து.

அதற்குப் பக்கத்தில் என் தாள்களை மாட்டினேன். பெயர் போடவில்லை.

பாதிப் படி இறங்கியபோது மேலே கிளிப் கழன்றது. தாள் புரளும் சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் வாசிப்பது இரண்டாவது பிரதி.