ஏழாம் வரிசைத் தோல்

முப்பத்தொன்றாம் தட்டில் தோல் சிவந்திருந்தது. வடிவு அதை ஓய்வுப்பெட்டிக்குள் வைத்தாள். யாரும் பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த குப்பியைத் திறந்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயை அதன்மேல் மெல்லத் தடவினாள்.

அழகுப் பொருள்களை முயலின் கண்ணிலும் எலியின் முதுகிலும் சோதித்த காலம் போய்விட்டது. இப்போது எல்லாம் வளர்தோல்தான். மனிதத் தோலின் ஒரு துணுக்கு போதும். ஊட்டநீரில் தட்டுத் தட்டாக வளரும். அதற்குள் மயிரிழைக் குழாய்களில் செயற்கைக் குருதி ஓடும். மேலே மையோ பவுடரோ பூசினால், எவ்வளவு சிவந்தது என்று சிவப்புமானி அளந்து சொல்லும். சிவக்காவிட்டால் டப்பியில் 'எவ்வுயிருக்கும் நோகாதது' என்ற முத்திரை விழும். சிவந்த தட்டு மூன்று நாள் ஓய்வில் தேறியதும் மறுபடி சோதனைக்கு வரும்.

தூத்துக்குடிச் சோதனைக் கூடத்திலேயே எதற்கும் முதலில் சிவப்பது ஏழாம் வரிசை. அது வடிவின் மகள் முத்தரசியின் தோல். மை, குங்குமம், ஸ்டிக்கரின் பசை எதுவும் ஒத்துக்கொள்ளாமல், பொட்டே வைத்தறியாதவள். பதினாறு வயதில் காய்ச்சலில் போனாள். "இவ தோலாவது நாலு பிள்ளையளக் காப்பாத்தட்டும்" என்று வடிவு கையெழுத்திட்டாள். தட்டு கழுவும் வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"அதுல நரம்பே கெடையாதுக்கா, வலிக்காது" என்று சோதனை அலுவலர் ஜெசிந்தா முதல் நாளே சொல்லியிருந்தாள். வடிவும் தலையாட்டினாள். ஆனால், சிவந்த தோலைக் கண்டால் எண்ணெய் தடவிப் பழகிய கை அது.

ஜெசிந்தா ஓடிவந்தாள். "அக்கா, நாம முத்திரை குத்துன பிள்ளை மை இருக்குல்லா? திருஷ்டிப் பொட்டு வச்ச நாப்பது பிள்ளையளுக்குக் கன்னம் வெந்துபோச்சாம். கம்பெனிக்காரன், 'உங்க தோலே பாஸ் போட்டாச்சு, எங்க மையில கொறையில்ல'ங்கான். கடையிலேருந்து எடுக்க மாட்டேங்கான். எனக்கு ஒண்ணும் புரியல."

வடிவுக்குப் புரிந்தது. தோலின் மேலடுக்கு இடுக்குகள் நிறைந்த சுவர் என்றும், எண்ணெய் அவற்றைப் பூசி அடைத்துவிடும் என்றும் ஜெசிந்தாதான் ஒருமுறை விளக்கியிருந்தாள். அவள் எண்ணெய் தடவித் தேற்றிய தட்டில் அந்த மை உள்ளே இறங்கவே இல்லை. சிவப்புமானி கண்டதைத்தான் சொல்லியிருக்கிறது.

சொன்னால், கலப்பு நேர்ந்த வரிசை என்று விதிப்படி ஏழாம் வரிசை முழுவதும் எரியுலைக்குப் போகும். முத்தரசியின் மிச்சம் அவ்வளவுதான். சொல்லாவிட்டால், நாளையும் ஒரு தாய் அந்த டப்பியைத் திறப்பாள்.

குப்பியை மேசையில் வைத்தாள். "நான்தாம்மா."

ஜெசிந்தா முகர்ந்து பார்த்தாள். "எத்தன நாளா?"

"வேலைக்கு வந்த நாள்லேருந்து."

"அப்போ, தேறி வந்த தட்டுல குத்துன முத்திரை பூராவும்..." ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நிரூபிக்க எண்ணெய் படாத தட்டு வேண்டும். காலையில்தான் ஏழாம் வரிசையில் புதிதாக வளர்ந்த ஒன்று வந்திருந்தது. ஜெசிந்தா மை டப்பியைத் திறந்தாள். வடிவு டப்பியை வாங்கி, தட்டின் நடுவில் வட்டமாக வைத்தாள். மகளுக்கு அவள் வைத்த முதல் பொட்டு.

பத்தாம் நிமிடம் பொட்டைச் சுற்றிச் சிவந்தது. இருபதில் கொப்புளம் எழுந்தது.

"அதுக்கு வலிக்காதுக்கா" என்றாள் ஜெசிந்தா, மெதுவாக.

"நோகாதுன்னுதானம்மா டப்பியிலயும் போட்டிருந்தோம்."

சிவப்புமானி அளந்து முடிக்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. வடிவு வலக்கையை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு தட்டின் அருகிலேயே நின்றாள்.