இடப்பக்கம் ஒடித்தால்

17.07.1957, புதன்கிழமை. றொசல்ல.

நேற்று இந்தக் கொப்பியில் ஒரு பிழை எழுதிவிட்டேன். தோட்டத்துக் காரில் கேட்கும் அரைபடும் சத்தம் இடது முன்சக்கரத்து பேரிங்கிலிருந்து வருகிறது என்று எழுதியிருந்தேன். அது சரியில்லை. சோதித்துப் பார்க்கும் முன்பே முடிவை எழுதியது என் அவசரம். மெக்கானிக் மாலை வகுப்பில் இதற்காகவே இரண்டு தடவை ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஆகவே இன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அக்கா வேலாயிக்கு மாதம் நிறைந்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். நாளைக் காலை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோக வேண்டும். தோட்டத்தில் இருப்பது இந்த ஒரு கார்தான். சத்தம் நிற்காமல் மலை இறங்க மாட்டேன் என்று டிரைவர் அன்ஸார் நானா சொல்லிவிட்டார். கார் இல்லையென்றால் சாக்குத் தூளியில் வைத்து, இந்த மழையில், ஏழு மைல்.

பகல் இரண்டு மணிக்குக் கார்க் கொட்டகைக்குப் போனேன். மூடுபனி வாசல்வரை வந்து நின்றது.

"வாங்க மெக்கானிக் தொரை. கொப்பியும் ஈக்கிதா? எழுதி எழுதியே காரைச் சொகப்படுத்துங்க," என்றார் நானா.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். சக்கரத்தைக் கையால் சுற்றினேன், சத்தம் இல்லை. நானாவை ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்கச் சொன்னேன், இல்லை. இடப்பக்கம் ஒடித்தார்.

கரக், கரக், கரக்.

எஞ்சின் ஓடவில்லை. சக்கரம் தரையில் படவில்லை. மிச்சம் இருந்தது ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள பல்லுச் சக்கரப் பெட்டி மட்டும். நீண்ட திருப்புளியின் நுனியை அந்தப் பெட்டியில் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். சத்தம் எங்கே பிறக்கிறது என்று இப்படித்தான் பார்ப்போம்.

இரும்பு இரும்பில் உரசினால் சத்தம் வறட்சியாக இருக்கும். இது ஈரமாக இருந்தது. மென்றது. நின்றது. பிறகு விழுங்கியது.

என் காதுதான் கோளாறு என்று நினைத்தேன். மூடியைக் கழற்றினேன்.

முதலில் வந்தது நாற்றம். பல நாள் கழுவாத வாயின் நாற்றம். கறுப்பு கிரீஸுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கூழ், எச்சில் நூலோடு, நுரைத்துக் கிடந்தது. இரண்டு விரலை விட்டு வழித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அடியில் ஏதோ மெத்தென்று விரலைத் தடவியது.

நாக்கு.

கையை உதறிவிட்டு வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். மண்ணெண்ணெயில் மூன்று முறை கழுவியும் விரலிடுக்கில் வழுவழுப்பு போகவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது பெட்டிக்குள் பல்லுச் சக்கரமும் கிரீஸும் மட்டுமே இருந்தன. அந்தக் கூழைக்கூடக் காணவில்லை. கழுவிப் புது கிரீஸ் வைத்து மூடினேன். நானா ஒடித்தார்.

கரக், கரக்.

நானா ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கீழே இறங்கினார். குரல் அடங்கிப் போயிருந்தது.

"மாயாண்டி, ஒண்டு சொல்றேன். பொன்னையாட பொஞ்சாதி காளியாயி இந்தப் பின்சீட்லதான் மௌத்தானா. ஆஸ்பத்திரிக்கு இடப்பக்கம் ஒடிக்கிற முடக்குல. தொத்துக் காய்ச்சல்னு லயத்துக்கே கொண்டுவர விடல்ல. நேரா சுடுகாடு."

"அப்ப வாய்க்கரிசி?"

"யாரும் போடல்ல. அவட வாய் தொறந்தே கிடந்திச்சு."

மணி நாலு. பொன்னையா மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். இறங்க ஐந்தரை ஆகும்.

"அந்த மனுசன் வரட்டும்டா. இது ஒங்கட சடங்கு, எனக்குத் தெரியா. ஆனா வரட்டும்."

நான் காத்திருக்கவில்லை. இருட்டும் முன் வேலை முடிய வேண்டும் என்பது மட்டும்தான் தலையில் இருந்தது. எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடினேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அரிசிப் பானையில் ஒரு கை அள்ளிவந்து, பெட்டியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு கொட்டினேன்.

யாரும் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. அது தானாக இடப்பக்கம் ஒடித்துக்கொண்டது.

கரக்கரக்கரக்கரக்.

பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு ஒன்றும் இல்லை.

மூடியைப் போட்டுவிட்டு நானாவை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். தொழிற்சாலை வரை போய் வந்தார். இடம், வலம், எந்தப் பக்கமும் சத்தம் இல்லை. "காலம்பற ஆறு மணிக்கு" என்று மட்டும் சொன்னார். சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் பொன்னையா எதிரே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கவ்வாத்துக் கத்தியைத் தோளிலிருந்து இறக்கினார்.

"யாரு வீட்டு அரிசி?"

"எங்க வீட்டு அரிசிங்க."

"எங்க வீட்டு அரிசியத்தானே போட்டிருக்கணும்? அதுவும் நான்தானே போட்டிருக்கணும்?" "பசிச்ச வாய்க்கு ஒங்க வீட்டுப் பானையக் காட்டிட்டியே தம்பி."

விளக்கு ஏற்றும் நேரம் வீட்டுக்குள் நுழைந்தேன். அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அரிசிப் பானை. பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றுகொண்டிருந்தாள். கடைவாயிலிருந்து வெள்ளைக் கூழ் வழிந்து வயிற்றில் சொட்டியது.

"அக்கா, போதும். வயிறு வலிக்கும்."

"பசிக்குதுடா."

குரல் அவளுடையதுதான். அப்படித்தான் நினைக்கிறேன். விளக்கைக் கிட்டே பிடித்து அவள் வாயைத் துடைத்தேன்.

துணியில் கறுப்பு கிரீஸ் இருந்தது.

இதை எழுதும்போதும் மெல்லும் சத்தம் கேட்கிறது. தலையை இடப்பக்கம் திருப்பும்போது மட்டும்தான் மெல்கிறாள். மூன்று தடவை கவனித்துவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன்.

நாளை வேலை: காலை ஐந்துக்குப் பொன்னையா வீட்டில் ஒரு பிடி அரிசி வாங்க வேண்டும். ஆறு மணிக்குக் கார் வரும். அக்காவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு டிக்கோயா போக வேண்டும்.