கோரிரின் அம்மாவுக்குக் கால் முளைத்தது

கோரிருக்குத் தெரிந்த அம்மாவுக்குத் தலை உண்டு, தோள் உண்டு, சிரிப்பு உண்டு. கால் மட்டும் இல்லை.

அந்த அம்மா அப்பாவின் சட்டைப்பையில் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பெரிய பாறைமேல் அப்பா, அக்கா, கோரிர் மூன்று பேரும் ஏறுவார்கள். இதென் என்ற அந்த மலையூரில், அவர்கள் வீட்டு எல்லைக்குள் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்தப் பாறைதான். அப்பா பையிலிருந்து போனை எடுப்பார். கொஞ்ச நேரம் மணி அடிக்கும். பிறகு ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் அம்மா தோன்றுவாள்.

"அம்மா!" என்று கோரிர் போனைப் பிடுங்கிக் கன்னத்தில் அப்பிக்கொள்வான்.

"டேய், காதுதான் தெரியுது. மூஞ்சியக் காட்டு" என்பாள் அம்மா.

பேசி முடித்து அப்பா போனைப் பைக்குள் போட்டதும் கோரிர் அழுவான். அம்மாவை இப்படி மூடி வைத்தால் மூச்சு முட்டாதா? அதனால் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவின் பையைத் தட்டி, கொஞ்சம் மக்காச்சோளக் களியை உருட்டி உள்ளே போடுவான். அப்பா கிமாயோவின் சட்டைப்பைகள் எல்லாவற்றிலும் களி காய்ந்து ஒட்டியிருந்தது.

பால் வாங்க வரும் பக்கத்து வீட்டு தப்சுபெய் அத்தைக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது.

"கிமாயோ, உன் பொண்டாட்டிக்கு வெளிநாட்டுல சாப்பாடு போடறாங்களா இல்லையா? பையன் இங்கேர்ந்து அனுப்பறானே."

"அங்க களி கிடைக்காது அத்தை. இவன் அனுப்பறதுதான்" என்பார் அப்பா, பையைக் கழுவிக்கொண்டே.

எல்லோரும் சிரிப்பார்கள். கோரிரின் அக்கா ஜெலகாத்தும் சிரிப்பாள். ஆனால் அவள் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிடும். அவளுக்கு அம்மாவின் கால்கள் நன்றாக நினைவிருந்தன.

விடியும்போது வீட்டுக்கு முன்னால் இருக்கும் செம்மண் சாலையில் ஓட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். படுக்கையில் இருந்தபடியே ஜெலகாத் காது கொடுத்துக் கேட்பாள். அம்மாவின் இடது கால் மண்ணை லேசாக உரசிவிட்டு எழும்பும். தப், சர்க். தப், சர்க். எத்தனை பேர் சேர்ந்து ஓடினாலும் அவளால் அந்தச் சத்தத்தைப் பிரித்துவிட முடியும். இப்போது எவ்வளவு கேட்டாலும் தப், தப் மட்டுமே போயிற்று.

அம்மா ஜெபெட் மாரத்தான் ஓட்டக்காரி. ஆனால் ஜெயிப்பது அவள் வேலை இல்லை. ஜெயிக்கப் போகிறவர்களுக்கு முன்னால் சரியான வேகத்தில் ஓடி, எதிர்க்காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, பாதி வழிக்கும் மேலே அவர்களைக் கூட்டிப் போவாள். பிறகு சாலையோரம் ஒதுங்கி நின்றுவிடுவாள். அவர்கள் போய்ப் பதக்கம் வாங்குவார்கள்.

"உனக்கு வருத்தமா இருக்காதாம்மா?" என்று ஒருமுறை ஜெலகாத் கேட்டாள்.

"ஒதுங்கின உடனே எனக்குப் பசி வந்துடும். வருத்தப்பட எங்க நேரம்?" என்றாள் அம்மா. அப்புறம் யோசித்து, "ஆனா எந்த இடத்துல ஒதுங்கணும்னு தெரிஞ்சிருக்கணும், கண்ணு. சீக்கிரமா ஒதுங்கினா அவங்க தடுமாறுவாங்க. லேட்டா ஒதுங்கினா வழிய மறைச்ச மாதிரி ஆயிடும்" என்றாள்.

ஸ்பெயினில் ஓடிவிட்டு வந்துவிடுவதாகத்தான் அம்மா சொல்லியிருந்தாள். ஜெலகாத் சுரைக்குடுக்கையைக் கரித்தூள் போட்டுத் தேய்த்து, பால் ஊற்றி மூடி வைத்தாள். அது புளித்தால் முர்சிக். பந்தயம் ஓடிவிட்டு வருகிறவர்களுக்கு அந்த ஊரில் முதலில் அதைத்தான் கொடுப்பார்கள். ஜெயித்தவர்களுக்கு விமான நிலையத்திலேயே கொடுப்பார்கள். அம்மாவுக்கு வீட்டு வாசலில் கொடுப்பது ஜெலகாத்தின் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"ஜப்பான்ல ஒரு ஓட்டம் இருக்காம். ஓட வேண்டிய பொண்ணுக்குக் கால் பிசகிடுச்சாம். என்னைக் கூப்பிடறாங்க."

"சரிம்மா" என்றாள் ஜெலகாத்.

"கோபமா?"

"இல்லம்மா. முர்சிக்தான் ரொம்பப் புளிச்சுடும்."

அது புளித்துத்தான் போயிற்று. தப்சுபெய் அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெலகாத் குடுக்கையைக் கழுவி, மறுபடியும் கரி தேய்த்தாள்.

அவளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. போன முறை அம்மா வந்தபோது கோரிர் இன்னும் சின்னவன். அம்மா தூக்கப் போனதும் வீறிட்டு அழுது ஜெலகாத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "பரவால்ல, பரவால்ல" என்று அம்மா சிரித்தாள். பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. ஜெலகாத் போய்ப் பார்த்தபோது, கன்றுக்குட்டியின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். தம்பி அம்மாவிடம் ஒட்டிக்கொள்ளத் தொடங்கிய வாரத்தில் பெட்டி கட்டும் நாள் வந்துவிட்டது.

இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது என்று ஜெலகாத் நினைத்தாள்.

அம்மாவின் பழைய சிவப்புக் காலணிகளை எடுத்து வந்து தம்பி முன்னால் வைத்தாள். "இங்க பாரு, இதுதான் அம்மா கால்."

கோரிர் காலணிக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே யாரும் இல்லை. ஓடிப் போய் இரண்டு கை நிறைய அவரைக்கொட்டைகளை அள்ளி வந்து அதற்குள் கொட்டினான்.

"அம்மா வருவா. நடந்து வருவா. இப்படி" என்று ஜெலகாத் முற்றத்தில் நடந்து காட்டினாள். இடது காலை லேசாக உரசினாள்.

"ஜெலா கால் வலி" என்றான் கோரிர் இரக்கத்தோடு.

அவள் காலணிகளை அவரைக்கொட்டைகளோடு அப்படியே வாசலில் வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் வாசலில் வண்டி வந்து நின்றது. கென்யா என்று எழுதிய சிவப்புப் பையோடு அம்மா இறங்கினாள். இளைத்திருந்தாள். முகத்தில் வெயில்பட்ட இடமும் படாத இடமும் தனித்தனியாகத் தெரிந்தன.

ஜெலகாத் குடுக்கையைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எத்தனையோ விடியற்காலைகள் இதற்காகத்தான் காது கொடுத்துக் கிடந்திருக்கிறாள். ஆனால் அம்மா அதற்குள் மண்டியிட்டுவிட்டாள். கைகள் இரண்டும் கோரிரை நோக்கி விரிந்திருந்தன.

"கோரிர், யார் வந்திருக்கா பாரு" என்றார் அப்பா.

கோரிர் பார்த்தான். நீளக் கால்களோடு யாரோ ஒரு பெண். அவன் ஓடினான். அம்மாவின் முகம் மலர்ந்தது. அவன் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடி, அப்பாவின் சட்டைப்பையைத் தட்டினான்.

"அம்மா! அம்மா எடு!"

அப்பா தரையைப் பார்த்தார். பாலுக்கு வந்து நின்ற தப்சுபெய் அத்தை பாத்திரத்தின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நல்ல பையன். அம்மாவ மறக்கலையே" என்று சிரித்தாள் அம்மா. ஜெலகாத் நீட்டிய முர்சிக்கை ஒரு வாய் குடித்தாள். "கன்னுக்குட்டி வளர்ந்துடுச்சா? பார்த்துட்டு வரேன்" என்று எழுந்து கொட்டகைப் பக்கம் போனாள்.

ஜெலகாத் பின்னாலேயே போகலாம். இப்போது அம்மாவின் இரண்டு கைகளும் காலியாகத்தான் இருக்கின்றன. அவ்வளவும் அவளுக்கே கிடைக்கும். ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தாள்.

பிறகு திரும்பிப் பார்த்தாள். கோரிர் இன்னும் அப்பாவின் பையைத் தட்டிக்கொண்டிருந்தான். தம்பி மறக்கவே இல்லை. அவன் அம்மாவைச் சரியான இடத்தில்தான் தேடுகிறான். அம்மாதான் வேறு இடத்தில் இருக்கிறாள்.

அவள் கொட்டகைக்கு ஓடினாள்.

"அம்மா, உன் போன்ல சார்ஜ் இருக்கா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கு. எதுக்கு?"

"சாலைக்குப் போய் நில்லு, அங்கயும் சிக்னல் கிடைக்கும். அங்கேர்ந்து எங்களைக் கூப்பிடு. மூஞ்சிய மட்டும் காட்டு."

"நேர்லதான வந்திருக்கேன், கண்ணு. அப்புறம் எதுக்குப் போன்?"

"அவனுக்கு நீ இன்னும் வரலம்மா" என்றாள் ஜெலகாத். "அவன் பார்த்துக்கிட்டே இருக்கறப்ப வா."

அம்மா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு சாலையை நோக்கி நடந்தாள்.

ஜெலகாத் அப்பாவிடம் போனை வாங்கிக்கொண்டு, தம்பியைப் பாறைமேல் ஏற்றி உட்காரவைத்தாள். மணி அடித்தது. அம்மா தோன்றினாள்.

"அம்மா!" கோரிர் போனில் கன்னத்தை அப்பினான்.

"காதுதான் தெரியுதுடா" என்றாள் அம்மா.

அவன் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். இன்று வெள்ளைச் சுவர் இல்லை. அம்மாவுக்குப் பின்னால் மக்காச்சோளக் கதிர்கள் ஆடின.

"கோரிர், இது யாரு சொல்லு?" அம்மா போனைத் திருப்பினாள். வேலியோரம் வெள்ளைப் பசு மேய்ந்துகொண்டிருந்தது.

"செலெல்!" என்றான் கோரிர். போனுக்குள் செலெல் கத்தியது. வேலிப் பக்கமும் செலெல் கத்தியது. கோரிர் போனைப் பார்த்தான். வேலியைப் பார்த்தான். மறுபடியும் போனைப் பார்த்தான். இரண்டு இடத்திலும் அதே செலெல் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

"இது என்ன?" என்று கேட்டாள் அம்மா. இப்போது போனில் இரண்டு கால்கள் தெரிந்தன. செம்மண்ணில் நடந்தன. தப், சர்க். தப், சர்க்.

"கால்" என்றான் கோரிர்.

"யாரு கால்?"

அவனுக்குத் தெரியவில்லை. போனிலிருந்த காட்சி மெல்ல மேலே ஏறியது. முழங்கால், சட்டை, தோள். கடைசியில் அம்மாவின் முகம்.

கோரிர் மூச்சை இழுத்துக்கொண்டான்.

"கோரிர்!" என்று அம்மா கூப்பிட்டாள். அந்தக் குரல் வேலிப் பக்கமிருந்து வந்தது. சற்றுப் பிந்தி, அதே குரல் போனிலிருந்தும் வந்தது. அவன் தலையைத் தூக்கினான். வேலித் திறப்பில், கையில் போனைப் பிடித்துக்கொண்டு, முழு அம்மா நின்றாள்.

ஜெலகாத் அவனைப் பாறையிலிருந்து இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா, போலாம்."

இரண்டு பேரும் ஓடினார்கள். ஜெலகாத் முன்னால், அவன் வேகத்துக்குத் தக்கபடி. சாணக்குழியைத் தாண்டினார்கள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார்கள். அவன் விரல்கள் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தன. சைப்ரஸ் மரத்தருகே வந்தபோது அந்தப் பிடி தளர்ந்தது. அவன் கண்கள் அவளைத் தாண்டிப் போய்விட்டன.

இதுதான் இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. கையை விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினாள்.

கோரிர் நிற்கவில்லை. தனியாகவே ஓடி அம்மாவின் முன்னால் போய் நின்றான். அம்மா மண்டியிட்டாள். ஆனால் கையை நீட்டவில்லை, காத்திருந்தாள். அவன் ஒரு விரலை நீட்டி, போன் திரையைத் தள்ளுவதுபோல அவள் கன்னத்தில் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தான். அம்மா மறையவில்லை. சூடாகவும் கொஞ்சம் ஈரமாகவும் இருந்தாள்.

அவன் குனிந்து அவள் முழங்காலைத் தட்டினான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தான்.

"அம்மாக்குக் கால்!"

"ஆமாடா, முளைச்சிடுச்சு" என்று அம்மா அவனை வாரி எடுத்துக்கொண்டாள்.

தப்சுபெய் அத்தை தோள் துணியின் நுனியால் மூக்கைத் துடைத்தாள். "அந்த ரெண்டு கால வச்சுத்தான் இந்தக் குடும்பமே சாப்பிடுது. இவனுக்கு இன்னிக்குத்தான் தெரியுது" என்றாள்.

ஜெலகாத் சைப்ரஸ் மரத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுக்குப் பசித்தது.

அம்மா தம்பியின் தோளுக்கு மேலாக அவளைத் தேடினாள்.

"எங்க நின்னுட்ட?"

"ஒதுங்கிட்டேன்மா."

"சரியான இடத்துலதான் ஒதுங்கியிருக்க" என்றாள் அம்மா. "ஆனா வேகம் பிடிச்சுக் குடுக்கறவங்களும் சில நேரம் கடைசிவரைக்கும் ஓடலாம். யாரும் தடுக்க மாட்டாங்க. வா."

ஜெலகாத் ஓடினாள். பசுவும் வேலியும் மக்காச்சோளமும் மங்கலாகிக் கலங்கின. அம்மாவின் இன்னொரு கை அவளுக்காகக் காலியாகவே இருந்தது. அம்மாவின் மேல் வியர்வையும் விமானச் சோப்பும் கொஞ்சம் முர்சிக்கும் மணத்தன.

இரவுச் சாப்பாட்டுக்குக் களி கிளறியாயிற்று. கோரிர் ஓர் உருண்டையை எடுத்து, பழக்கத்தில் அப்பாவின் சட்டைப்பை வரைக்கும் கொண்டுபோனான். பாதியில் நின்று யோசித்தான். திரும்பி வந்து அதை அம்மாவின் வாயில் வைத்தான்.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. அது எப்படியோ இன்று வீட்டுக்குள்ளேயே சிக்னல் பிடித்திருந்தது. கூப்பிட்டது வெளிநாட்டில் அம்மாவுக்குப் பந்தயங்கள் ஏற்பாடு செய்யும் மனிதர். அடுத்த ஓட்டத்தைப் பற்றித்தான் இருக்கும். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜெலகாத்தைப் பார்த்தாள். யாரும் கையை நீட்டவில்லை.

கோரிர் போனை எடுத்து, களி ஒட்டிய விரலால் தொட்டான். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கண்ணாடி போட்ட ஒருவர் தெரிந்தார். அவருக்குக் கால் இல்லை.

கோரிர் அவரை இரக்கத்தோடு பார்த்தான்.

"அம்மா இதுல இல்ல" என்று சொல்லிவிட்டு, வாசலில் இருந்த சிவப்புக் காலணிக்குள், அவரைக்கொட்டைகளுக்கு நடுவே, போனைப் பத்திரமாக வைத்தான். பிறகு வந்து அம்மாவின் கால்மேல் உட்கார்ந்துகொண்டான்.