ஈரக் கையும் சிவப்பு வட்டமும்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் குரங்குகளுக்குக்கூட ஓய்வு கிடையாது. சாரல் விழும், பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும், ஊர் முழுக்க ஈரத்துண்டும் நேந்திரம் சிப்ஸ் வாசமுமாக இருக்கும். இந்த வருடமும் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் ஊருக்கு வெளியே, தோட்டத்து வழியில் இருக்கும் சின்ன அருவிக்கரையில் மட்டும் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை.

போன சீசனில் அந்த அருவி ஒரு பையனைக் கொண்டுபோய்விட்டது. அவன் பெயர் குற்றாலீஸ்வரன். ஐந்தாம் வகுப்பில் சுஜிதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். கணக்குப் பாடத்தில் அவன் அவளைப் பார்த்து எழுதுவான். படம் வரையும்போது அவள் அவனைப் பார்த்து வரைவாள். இப்போது சுஜிதா ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவன் வரவில்லை.

அவனுடைய அம்மா சங்கரேஸ்வரி அதே அருவிக்கரையில் சோப்பும் ஷாம்பும் துண்டும் விற்கிறாள். மகனைக் கொண்டுபோன தண்ணீருக்கு முன்னால்தான் தினமும் கடை விரிக்கிறாள். வேறு என்ன செய்வாள்? வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

சுஜிதாவின் அப்பா இசக்கிக்கும் அங்கேதான் வேலை. குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். தண்ணீருக்கு மிக அருகில் அவருடைய பலகை. மேலே மலைப்பாறையில் ஓலைக்கூரைக்கு அடியில் சங்கிலிப்பாண்டி மாமா காவல் இருப்பார். மலையில் மழை கொட்டி, தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினால் அவர் இசக்கிக்குப் போன் போடுவார். சும்மா பேசவும் அவர் போன் போடுவார் என்பதால், எடுத்துக் கேட்டால்தான் சேதி தெரியும். இசக்கி கத்துவார். எல்லோரும் ஓடி மேலே ஏறிவிடுவார்கள். பல வருடங்களாக இதுதான் ஏற்பாடு.

குற்றாலீஸ்வரன் போன அன்றும் சங்கிலிப்பாண்டி மாமா போன் போட்டார்.

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த சுஜிதா, தூக்குச்சட்டியோடு அங்கே நின்றிருந்தாள். போன் அடித்தது. அப்பாவின் கை முழுக்க எண்ணெய். போன் முழுக்கச் சாரல் தண்ணீர். பச்சை வட்டத்தை இழுத்தார். விரல் வழுக்கியது. துண்டில் துடைத்துவிட்டு இழுத்தார். அந்தத் துண்டிலும் எண்ணெய்தான். போன் அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. அவர் மறுபடியும் இழுத்தார். அதற்குள் சொல்ல வேண்டியதைத் தண்ணீரே வந்து சொல்லிவிட்டது.

அப்பாவை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் வீட்டில் பேசுவது குறைந்துபோனது. சுஜிதாவும் தான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அந்த வழுக்கிய விரல் மட்டும் அவள் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

சுஜிதா வீட்டு மாடியில் ரூபி அக்கா குடியிருந்தாள். தென்காசியில் ஒரு சின்ன கம்பெனியில் மொபைல் ஆப் செய்கிற வேலை. விபத்துக்குப் பிறகு அருவிக்கரைக் கடைக்காரர் சங்கம் அவளிடம் ஓர் எச்சரிக்கை ஆப் செய்து தரச் சொல்லியிருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். இருந்தாலும் செய்யாமல் விடுவதற்கு இது மேல்.

ரூபி அக்காவின் மேசையைப் பார்த்தால் போன் திருடனைப் பிடித்து அவன் மூட்டையைக் கொட்டியது போல இருக்கும். பெரிய போன், சின்ன போன், கண்ணாடி உடைந்த போன், பழைய டேப்லெட், ஓர் ஐபோன் என்று பரப்பி வைத்திருப்பாள்.

"எதுக்குக்கா இம்புட்டு போன்?" என்று கேட்டாள் சுஜிதா.

"ஆப் என்னமோ ஒண்ணுதான்ட்டி. ஆனா ஒரு போன்ல எழுத்து ஓரத்தத் தாண்டிப் போவுது. இன்னொண்ணுல பட்டன் எறும்பு கணக்கா சுருங்குது. ஆண்ட்ராய்டுக்கு ஒரு சட்டம், ஐபோனுக்கு ஒரு சட்டம். ஒரே கொழம்பத்தான் ஊத்துதேன், ஒவ்வொரு சட்டியிலயும் ஒவ்வொரு ருசி வருது!"

அன்று சனிக்கிழமை. ரூபி அக்காவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "எல்லா போன்லயும் சரியா ஓடுது, பாரு" என்றாள். மேலே இருந்து சங்கிலிப்பாண்டி மாமா எச்சரிக்கை அனுப்பினால் கீழே எல்லாருடைய போனிலும் பெரிய சிவப்பு வட்டம் வரும். யாராவது ஒருவர் அதை அமுக்கினால் போதும், அருவிக்கரைக் கம்பத்தில் இருக்கும் சைரன் அலறும்.

சுஜிதா வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அமுக்கினாத்தான் அலறுமா?"

"ஆமா. சங்கத்துல அப்படித்தான் கேட்டாவ. சும்மா சும்மா அலறுனா கூட்டம் ஓடிப்போயிருமாம்."

சுஜிதா கீழே இறங்கிப் போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் அப்பாவின் எண்ணெய் பாட்டில், இன்னொரு கையில் ஒரு செம்புத் தண்ணீர். ரூபி அக்கா என்ன ஏது என்று கேட்பதற்குள் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு, வரிசையாக எல்லாப் போன் மேலும் தண்ணீரைத் தெளித்தாள்.

"ஏட்டி! கிறுக்கு புடிச்சிருக்கா? ஆபீஸ் போனுட்டி!"

"அமுக்கிப் பாக்கேன்க்கா."

அமுக்கினாள். பெரிய போன் அசையவில்லை. சின்ன போனில் வட்டத்துக்குப் பதிலாக வேறு ஏதோ திறந்தது. ஐபோன் கல்லாக இருந்தது. பாவாடையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினாள். டேப்லெட் மட்டும் பெரிய மனது பண்ணி ஒருமுறை ஒளிர்ந்தது.

ரூபி அக்காவின் கோபம் அடங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் எல்லாத்தையும் இந்த மேசையில வச்சே பாத்துட்டேன்" என்றாள் மெதுவாக. "காஞ்ச கையோட."

"அன்னைக்கி எங்கப்பா போனும் இப்படித்தான்க்கா" என்றாள் சுஜிதா. ஒரு வருடமாக உள்ளே கிடந்த பேச்சு. சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ரூபி அக்கா அவள் எண்ணெய்க் கையையே பிடித்துக்கொண்டாள்.

பிறகு இருவரும் யோசித்தார்கள். வட்டத்தைப் பெரிதாக்கினார்கள், பயனில்லை. போனின் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினால் அலறும்படி செய்யலாம் என்றாள் ரூபி அக்கா. "ஆனா ஐபோன் கம்பெனிக்காரன் அதுக்கு விடமாட்டான். அருவிக்கரையில பாதிப்பேரு போனை பிளாஸ்டிக் கவர்ல கட்டி வேற தொங்க விட்டிருக்காவ" என்று அவளே உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த நேரம் கீழே சுஜிதா வீட்டில் அவள் தம்பிப் பாப்பா வீறிட்டு அழுதான். அம்மா எங்கிருந்தோ ஓடிவரும் சத்தம் கேட்டது. தூக்கினாள் போலிருக்கிறது, அழுகை நின்றது.

"அக்கா," என்றாள் சுஜிதா, "பாப்பாவ அழ வைக்க யாரும் பட்டன அமுக்குதாவளா?"

"என்னட்டி சொல்லுத?"

"அவன் தானாத்தான் அழுதான். அம்மா வந்து தூக்கினாத்தான் நிப்பாட்டுதான். சைரனும் அப்படி இருக்கட்டுமே. தானா அலறட்டும். வேண்டாம்னா வந்து நிப்பாட்டிக்கிடட்டும்."

ரூபி அக்கா அவளை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "அப்ப போனை நம்பவே வேண்டாமே! ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி மக்கர் பண்ணும். மேல மாமா கை காஞ்ச கை, அவரு அனுப்புத எச்சரிக்கைய சைரன் பெட்டிக்கே நேரா சொல்லிட்டா முடிஞ்சுது. ஆனா சங்கம் ஒத்துக்கிடணுமே."

மறுநாள் அருவிக்கரைக் கொட்டகையில் கூட்டம். எண்ணெய் தேய்ப்பவர்களும் பஜ்ஜி போடுபவர்களும் வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார்கள். சங்கரேஸ்வரி அத்தை வரவில்லை. அவள் கூட்டங்களுக்கு வருவதே இல்லை.

சங்கத் தலைவர் பரமசிவன் அண்ணாச்சிக்கு சிப்ஸ் கடை. ரூபி அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அது சரிப்படாது தாயி. போன வருசம் நடந்ததுக்கே சீசன் படுத்துட்டு. இது நெனச்ச நேரம் தானா அலறிச்சின்னா ஒரு பய இந்தப் பக்கம் வரமாட்டான். பொறவு நாங்க அருவியப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

அவர் கெட்டவர் இல்லை. போன சீசனில் அவர் கடையும் காற்றுத்தான் வாங்கியது. அந்தப் பயம் அங்கிருந்த எல்லோர் முகத்திலும் இருந்தது. இசக்கியும் குனிந்த தலை நிமிராமல் நின்றார்.

சுஜிதா ரூபி அக்காவின் கையைச் சுரண்டினாள். "இப்பவே ஒண்ணு அனுப்புங்கக்கா."

ரூபி அக்கா தன் போனைத் தட்டினாள். கொட்டகையில் இருந்த அத்தனை போனும் அதிர்ந்தன. எல்லாவற்றிலும் சிவப்பு வட்டம்.

"தண்ணி வந்துட்டுன்னு வச்சிக்கிடுங்க," என்றாள் ரூபி அக்கா. "யாராவது அமுக்குங்க."

பரமசிவன் அண்ணாச்சி அமுக்கினார். தேங்காய் எண்ணெய் விரல் வழுக்கிக்கொண்டு போனது. வேட்டியில் துடைத்தார், போனை ஊதினார், மறுபடி அமுக்கினார். பஜ்ஜிக்கடைக்காரர் கட்டைவிரலை மாற்றி ஆள்காட்டி விரலால் குத்தினார். ஒருவர் மூக்கால்கூட அமுக்கிப் பார்த்தார். அந்த மூக்கும் சாரலில் நனைந்துதான் இருந்தது. மற்ற நாளாக இருந்தால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

கம்பத்து சைரன் வாய் மூடியே இருந்தது.

இசக்கி மட்டும் தன் போனைத் தொடவே இல்லை. "அன்னைக்கும் இப்படித்தான் அண்ணாச்சி இருந்துச்சி" என்றார்.  "இழுத்து இழுத்துப் பாத்தேன். வரல. அந்தப் பயல என்னால கூப்புட முடியலயே."



பரமசிவன் அண்ணாச்சி விரலை மறுபடியும் வேட்டியில் துடைத்தார். "சங்கிலிப்பாண்டி தப்பா அமுக்கிட்டான்னா?" என்றார். முன்பிருந்த உறுதி குரலில் இல்லை.

"தப்பா அலறுனா, மெதுவா துண்டத் தேடி, கையத் தொடச்சிட்டு நிப்பாட்டுங்க தாத்தா," என்றாள் சுஜிதா. "நெசமா தண்ணி வந்தா துண்டத் தேட நேரமில்ல."

அண்ணாச்சி போனை மடியில் செருகினார். "செய்யி தாயி," என்றார் ரூபி அக்காவிடம். "இந்தப் புள்ள சொல்லுத மாதிரியே செய்யி."

அதன்பின் சில நாட்கள் ரூபி அக்கா மேசையைவிட்டு அருவிக்கரைக்கே வந்து உட்கார்ந்தாள். ஈரக்கை, பிளாஸ்டிக் கவர், பழைய போன், சிக்னல் கிடைக்காத மூலை என்று ஒன்றுவிடாமல் பார்த்தாள். சுஜிதாதான் எண்ணெய் ஊற்றுகிற அதிகாரி.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அது நடந்தது. கீழே நல்ல வெயில். அருவியின் அடியில் தலைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மேலே மலையில் மழை கொட்டுவது கீழே இருந்த ஒருவருக்கும் தெரியாது.

திடீரென்று சைரன் அலறியது.

இசக்கியின் கையில் எண்ணெய். பரமசிவன் அண்ணாச்சியின் கை சிப்ஸ் சட்டியில். யாரும் எதையும் அமுக்கவில்லை. இசக்கி பாய்ந்து போய் இரண்டு பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "ஏறுங்க, ஏறுங்க!" என்று கத்தினார். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் சோப்பு நுரையோடு சண்டைக்கு நின்றார். அவரையும் நான்கு பேர் தூக்காத குறையாக மேலே கொண்டுவந்தார்கள்.

பிறகு தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், ஒரு முழு மரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து விழுந்தது. இசக்கியின் பலகை இருந்த இடம் தெரியவில்லை. சற்றுமுன் சண்டைக்கு நின்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நுரை காய்ந்துகொண்டிருந்தது.

சைரன் அலறிக்கொண்டே இருந்தது. பரமசிவன் அண்ணாச்சி துண்டைத் தேடி எடுத்து, கையை நன்றாகத் துடைத்து, போனை எடுத்தார்.

"எல்லாரும் ஏறியாச்சு. நிப்பாட்டிருவமா?"

"நிப்பாட்டாதீய அண்ணாச்சி."

சங்கரேஸ்வரி அத்தை தன் கடை வாசலில் நின்றாள். கண் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. "இன்னுங் கொஞ்ச நேரம் அலறட்டும்" என்றாள்.

அண்ணாச்சி போனைக் கீழே வைத்துவிட்டார்.

அத்தை சோப்புப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகையை அழுதாள். சைரன் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. சுஜிதா போய் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.  சைரன் ஓயும்வரை எழுந்து போகவில்லை.

அன்று மாலை, அருவிக்கு வந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் அவரவர் அம்மா அப்பாவோடு பேருந்து ஏறி வீட்டுக்குப் போனார்கள்.