நெட்டைக்கு என்ன வேண்டும்?

முரண்டு என்று அவளுக்குப் பெயர் வைத்தது அம்மாதான். இரண்டு வயதில் இடது செருப்பை வலது காலில்தான் போடுவேன் என்று அடம்பிடித்து, ஒரு நாள் முழுக்க அப்படியே நடந்தாளாம். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் ஐந்தாம் வகுப்பு வரை கூடவே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலும் எல்லோருக்கும் அவள் முரண்டுதான். அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

அப்படிப்பட்டவளே அந்த வாரத்தின் முதல் இரண்டு நாள் ஊரோடு ஒத்துப் போனாள். அது பெரிய ஆச்சரியம்தான்.

திங்கட்கிழமை காலையில் டீச்சர் ஆளுக்கொரு பச்சை அட்டை நோட்டு கொடுத்தார்.

"இது நற்செயல் வாரம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளுக்குப் பத்து நல்லது செய்யணும். யாருக்குச் செஞ்சீங்களோ அவங்ககிட்ட கையெழுத்து வாங்கணும். எந்த வகுப்புல எல்லா நோட்டும் நிரம்புதோ அவங்களுக்கு ஒரு நாள் முழுக்க மைதானம். பாடம் கிடையாது."

"ஒரு நோட்டு குறைஞ்சா, டீச்சர்?" என்று கேட்டான் வகுப்பு லீடர். இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் அவன் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வான்.

"ஒண்ணு குறைஞ்சாலும் கிடையாது."

அவ்வளவுதான். முப்பத்தாறு பேரும் நல்லது செய்யக் கிளம்பிவிட்டார்கள். நல்லது செய்வது சுலபம், வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பதுதான் கஷ்டம் என்று அன்றைக்கே தெரிந்துபோனது. வாட்ச்மேனின் நாற்காலியை ஒருத்தி நிழலுக்கு நகர்த்திக் கையெழுத்து வாங்கினாள். "வெயில் வேணும்னுதானே இங்க போட்டேன்" என்று அவர் முனகினார். உடனே இன்னொருவன் அதைத் திரும்பவும் வெயிலில் போட்டு, அவனும் ஒரு கையெழுத்து வாங்கினான். மதியத்துக்குள் அந்த நாற்காலி ஏழு தடவை இடம் மாறியது. எட்டாவது ஆளைப் பார்த்ததும் வாட்ச்மேன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை நெட்டை வந்தான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது வகுப்புக்கு.

நெட்டைதான் அந்த வகுப்பிலேயே உயரம். சுவரில் ஏறிப் பந்தை எடுக்கப் போய், பந்தையும் விட்டு, காலையும் உடைத்துக்கொண்டு, பத்து நாள் லீவில் இருந்தவன். அதனால் அவனுக்கு நோட்டு கிடையாது. வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. இரண்டு பக்கமும் ஊன்றுகோல். அவன் கேட்டைத் தாண்டியதும் பத்துப் பேர் ஓடினார்கள்.

ஒருவன் பையைப் பிடுங்கினான். வகுப்பறை இரண்டாவது மாடியில் இருக்கிறது. முப்பத்தெட்டுப் படி. இரண்டு பேர் அவனை கேஸ் சிலிண்டர் மாதிரி தூக்கிக்கொண்டு போனார்கள். தண்ணீர் பாட்டிலை ஆறு பேர் நிரப்பினார்கள். ஆறு தடவையும் குடித்தே ஆக வேண்டும் என்றார்கள். குடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாத்ரூமுக்கு மூன்று பேர் துணைக்குப் போய், "ஆச்சா? ஆச்சா?" என்று கதவைத் தட்டிக்கொண்டே நின்றார்கள். ஒவ்வொரு உதவி முடிந்ததும் ஒரு பச்சை நோட்டு அவன் மூக்குக்கு நேரே நீண்டது.

முரண்டும் சும்மா இருக்கவில்லை. யார் காலிலாவது இடறும் என்று அவனுடைய ஊன்றுகோல்களை எடுத்துப்போய் அலமாரிக்குப் பின்னால் பத்திரமாகச் சாத்தினாள். ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு இடைவேளைக்கு ஓடிவிட்டாள்.

திரும்பி வந்தபோது நெட்டை உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

"நீ வெளிய வரலையா?"

"எப்படி வர்றது? ஊன்றுகோலை நீதானே எடுத்துட்டுப் போன."

முரண்டுக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய் எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"கோவமா?"

"இல்ல. கை வலிக்குது. காலுக்குக் கட்டுப் போட்டாச்சு. இப்படியே கையெழுத்துப் போட்டா கைக்கும் போடணும்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. முரண்டு பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, உனக்கு என்னதான் வேணும்?"

"எதுக்கு? நோட்டுல எழுதவா?"

"சும்மாதான் கேக்கிறேன்."

நெட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நானே படி ஏறணும். ஆஸ்பத்திரியில அதுக்குத்தான் பழக்கி விட்டாங்க. மெதுவா ஏறுவேன், ஆனா ஏறுவேன். இவங்க என்னைத் தூக்கிட்டு வர்றப்போ ஒண்ணாம் வகுப்புக் குட்டிங்க எல்லாம் வேடிக்கை பாத்துக் கை தட்டுதுங்க." அவன் மாவுக்கட்டைத் தட்டினான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா, கட்டுப் பிரிக்கிற வரைக்கும் வர மாட்டேன். வீட்டுல சொல்லிட்டேன்."

"எத்தனை நாளாகும்?"

"ஆறு வாரம்."

ஆறு வாரம் என்றால் அரையாண்டுப் பரீட்சையும் போய்விடும். முரண்டு தன் பச்சை நோட்டைத் திறந்தாள். அதில் இருந்தது அவன் போட்ட ஒரே ஒரு கையெழுத்து. அந்தத் தாளைச் சரக்கென்று கிழித்துக் கசக்கினாள்.

"நாளைக்கு நீ ஏறு. எவன் தூக்குறான்னு நான் பாக்கிறேன்."

புதன்கிழமை காலையில் மாடிப்படியின் அடியில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு முரண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் நெட்டை முதல் படியில் ஊன்றுகோலை வைத்தான். அவளுக்கு முன்னால் பச்சை நோட்டுகளோடு ஒரு பட்டாளம்.

"நகரு" என்றான் லீடர். "எனக்கு இன்னும் மூணுதான் பாக்கி."

"வேற ஆளைப் பாரு."

"வேற யாருக்குக் கால் உடைஞ்சிருக்கு?"

"வேணும்னா உன் காலை உடைச்சுக்கோ. நானே வந்து தூக்குறேன்."

பின்னால் சிலர் சிரித்துவிட்டார்கள். லீடருக்கு முகம் சிவந்தது. "வைக்கோல் போர்ல படுத்த நாய் மாதிரி பண்ணாத. நீயும் நல்லது செய்ய மாட்ட, செய்றவங்களையும் விட மாட்ட."

"ஆமா, விட மாட்டேன்."

நெட்டை பத்தொன்பது படி ஏறியிருந்தான். சரியாகப் பாதி. அப்போது மணி அடித்தது. பட்டாளம் மொத்தமாக முரண்டை இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே பாய்ந்தது. "வேணாம், விடுங்க" என்று நெட்டை சொன்னது யார் காதிலும் விழவில்லை. மீதிப் பத்தொன்பது படியும் அவன் அந்தரத்தில்தான் போனான். கீழே இருந்த குட்டிகள் கை தட்டினார்கள்.

அன்று மாலை முரண்டின் நோட்டில் டீச்சர் சிவப்பு மையால் எழுதினார்: 'உதவி செய்பவர்களைத் தடுத்தாள். பெற்றோர் கையெழுத்து தேவை.' அந்த நோட்டில் இருந்த ஒரே எழுத்து அதுதான்.

அம்மாவுக்குத் தையல் வேலை. முன்னறையில், மடியில் ஒரு குவியல் சட்டையை வைத்துக்கொண்டு பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நோட்டை வாங்கி ஒரு தடவை படித்தாள். பிறகு கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"தடுத்தியா?"

"ஆமா."

"கேட்டா ஏதோ பரிசு வாங்கிட்டு வந்த மாதிரி சொல்ற."

முரண்டு நடந்ததை முழுக்கச் சொன்னாள். அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"நீ குறுக்க நின்னியே, அந்தப் பையன் என்ன சொன்னான்?"

"நகராத, அங்கயே நில்லுன்னான்."

அம்மா பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள். பேனாவை எடுத்துச் சிவப்பு எழுத்துக்குக் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு நிக்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமையும் முரண்டு நின்றாள். அன்றைக்கு இருபத்திரண்டு படி. பிறகு அதே கதைதான். வகுப்பில் யாரும் அவளோடு பேசவில்லை. மைதானம் அவள் ஒருத்தியால் போகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்கும் மைதானம் பிடிக்கும். மற்றவர்களைவிட அதிகமாகவே பிடிக்கும். ராத்திரி தலையணையைக் குத்திக் குத்திப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு டீச்சர் நோட்டுகளை மேஜைமேல் அடுக்கினார்.

"எல்லாம் நிரம்பியிருக்கு. ஒண்ணைத் தவிர." முரண்டைப் பார்த்தார். "இன்னும் அரை மணி நேரம் இருக்கு. சின்னச் சின்னதா பத்து நல்லது செய்ய முடியாதா உன்னால?"

லீடர் சட்டென்று தன் பென்சிலைத் தரையில் போட்டான். "முரண்டு, அதை எடுத்துக் கொடு. கையெழுத்துப் போடுறேன்."

அது எல்லோருக்கும் நல்ல யோசனையாகப் பட்டது. டொக், டொக் என்று பென்சில்கள் விழுந்தன. ஒரு ரப்பர் வந்தது. ஒரு ஸ்கேல் வந்தது. யாரோ ஒருத்தி முழு ஜியோமெட்ரி பாக்ஸையே தள்ளிவிட்டாள். எல்லாம் உருண்டு வந்து முரண்டின் காலடியில் கிடந்தன. குனிந்தால் போதும். ஒரே நிமிடத்தில் மைதானம் கிடைத்துவிடும்.

முரண்டு குனியவில்லை.

"மாட்டேன்."

"ஏன்?" என்றார் டீச்சர். அவர் குரலில் கோபம் ஏறியிருந்தது.

"இது எதுவும் கீழ விழல, டீச்சர். வேணும்னு போட்டது. நெட்டையும் இப்படித்தான். அவன் தூக்கச் சொல்லல. இவங்களா தூக்குறாங்க." அவள் நின்றுகொண்டே நெட்டையைக் காட்டினாள். "அவனுக்கு என்ன வேணும்னு யாராவது ஒரு தடவை கேட்டீங்களா? நீங்க கேட்டீங்களா, டீச்சர்?"

டீச்சரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. டீச்சர் மேலே இருந்த நோட்டைப் பிரித்தார். அடுத்ததைப் பிரித்தார். அப்புறம் அடுத்ததை.

எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப நெட்டையின் கையெழுத்து. செவ்வாய்க்கிழமை அது முத்து முத்தாக இருந்தது. புதன்கிழமை சாய்ந்துபோயிருந்தது. வியாழக்கிழமை புழு நெளிந்த மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமைப் பக்கங்களில் வெறும் கோடு மட்டும்தான்.

டீச்சர் நோட்டை மெதுவாக மூடினார். நெட்டையின் பெஞ்சுக்கு நடந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு என்னப்பா வேணும்?"

நெட்டை முதலில் தரையைப் பார்த்தான். பிறகு முரண்டைப் பார்த்தான். "நானே படி ஏறணும், டீச்சர். என் பையை நானே மாட்டிக்கணும். தாகம் எடுத்தா மட்டும் தண்ணி குடிக்கணும்." காதைச் சொறிந்துகொண்டான். "பாத்ரூமுக்குத் தனியா போகணும்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நெட்டையும் சிரித்துவிட்டான். உடனே அவன் கண் கலங்கிவிட்டது. "இல்லன்னா திங்கட்கிழமையிலேருந்து நான் வரல."

சிரிப்பு நின்றுவிட்டது. லீடர் தன் பென்சிலைத் தானே எடுத்துக்கொண்டான்.

"இந்த நோட்டுங்களை எல்லாம் நானே வச்சுக்கிறேன்" என்றார் டீச்சர். "மைதானம் கிடையாது. நாம ஜெயிக்கல. நான் சொன்ன விதியும் சரியில்ல."

வெளியே போகும்போது லீடர் முரண்டின் வழியை மறித்தான். "உன்னாலதான் மைதானம் போச்சு."

"ஆமா" என்றாள் முரண்டு. "என்னாலதான்." தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பும் வரை அழவில்லை.

திங்கட்கிழமை காலை கேட்டுக்கு வெளியே முரண்டு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். நெட்டை வருவானா என்று யாருக்கும் தெரியாது. முதல் மணி அடிக்கும் நேரத்தில், தெருவில் டக், டக் என்று சத்தம் கேட்டது. ஊன்றுகோல். முதுகில் அவனுடைய பை.

மாடிப்படியின் இரண்டு பக்கமும் வகுப்பே நின்றது. சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவர்களுக்குத் தெரியாது. சிலர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். லீடர் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டான்.

பத்துப் படி. இருபது படி. இரண்டாவது மணி அடித்தது. யாரும் நகரவில்லை. இருபத்தேழாவது படியில் ஊன்றுகோல் வழுக்கியது. முரண்டே ஓர் அடி முன்னால் வைத்துவிட்டு, கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நெட்டை சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். "யாரும் வராதீங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "டேய் லீடர், பையை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கிறியா? கனமா இருக்கு" என்றான்.

லீடர் ஓடி வரவில்லை, நடந்து வந்தான். பையை வாங்கிக்கொண்டு அவனுக்கு ஒரு படி பின்னால் ஏறினான். நெட்டைக்கு எவ்வளவு மெதுவோ, அவனுக்கும் அவ்வளவு மெது.

முப்பத்தெட்டாவது படியில் நெட்டையின் சட்டை முழுக்க வியர்வை. முகம் முழுக்கப் பல். கீழே இருந்த குட்டிகள் யாரும் கை தட்டவில்லை. அவர்களுக்கு இதில் வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லை.

வகுப்பு வாசலில் டீச்சர் வருகைப் பதிவேட்டோடு நின்றிருந்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற முப்பத்தேழு பேரையும் பார்த்தார்.

"மணி அடிச்சு எவ்வளவு நேரமாச்சு? ஏன் லேட்டு?"

"படி ஏறினேன், டீச்சர்" என்றான் நெட்டை.

"சரி. மத்தவங்க எல்லாரும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

முரண்டு முன்னால் வந்தாள்.

"ஒண்ணும் பண்ணல, டீச்சர். சும்மா நின்னோம்."