பெட்டியோடு வந்தது

போன் மணி அடிக்கவில்லை. ஆனாலும் அதன் பக்கத்தில் இருந்த பெட்டி, யாரோ கூப்பிட்டு அதுவும் எடுத்துவிட்டதுபோல, ‘க்ளிக்’ என்றது. மத்தியானச் சாப்பாட்டில் வஞ்சிரத் துண்டைப் பிட்டுக்கொண்டிருந்த ஓகுஸ்தேன் நிமிர்ந்து பார்த்தான். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. சோற்றில் ஆவி அடங்கும் மட்டும் எரிந்து, பிறகு அணைந்தது.

“தினம் இப்படித்தாங்க பண்ணுது,” என்றாள் ஐரேன். “நான் தனியா இருக்கிறப்ப இன்னும் அதிகமா.”

‘தனியா’ என்ற சொல்லை அவன் மனதுக்குள் சுண்டிப் பார்த்தான். காரைக்கால் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவன்; கீறல் விட்ட குண்டானை ஓசையிலேயே ஒதுக்கிவிடுவான். மனைவி அவனைவிட வெகு இளையவள், வெகு அழகு. இவ்வளவு நல்ல சரக்கு பேரமே இல்லாமல் கைக்கு வந்ததென்றால் எங்கோ ஒரு பழுது இருந்தே தீரும் என்பது அவன் தொழில்புத்தி. அந்தப் பழுதுக்கு மரியசெல்வம் என்று பெயரும் வைத்திருந்தான். புருஷனோடு பிரான்சுக்குப் போகப்போகிற ஐரேனுக்கு சாயங்காலங்களில் பிரெஞ்சு சொல்லித்தரும் வாத்தியார், சுருட்டை முடிக்காரன். அவனுக்குச் சம்பளம் கொடுப்பதும் தானே என்பது கூடுதல் எரிச்சல்.

பெட்டி, பாரிசிலிருந்து தம்பி ழோர்ழ் புத்தம் புதிதாக வாங்கி அனுப்பியது. ஆள் இல்லாதபோது போனை எடுத்து, கூப்பிட்டவர் சொல்வதைப் பதிந்து வைக்கும். இவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் வேண்டாத ஒன்றும் அதற்குள் இருந்தது. தீப்பெட்டி அளவில் கூடவே ஒரு விசில் கருவி வந்திருந்தது. வெளியிலிருந்து வீட்டு நம்பரைச் சுழற்றி, அந்த விசிலைப் போனுக்குள் ஊதவிட்டால் போதும். மணி அடிக்காமலே பெட்டி விழித்து, வீட்டுப் பேச்சையெல்லாம் கூப்பிட்டவன் காதில் ஊற்றும்.

இது தெரிந்ததும் அன்றிரவே ழோர்ழ் பதறிக் கூப்பிட்டான். “அண்ணே, அதைக் கழட்ட முடியாது, உள்ள வச்சேதான் விக்கிறான். எல்லாப் பெட்டிக்கும் ஒரே விசில். வாங்கினவன் எவன் வேணாலும் உங்க வீட்டுக்குள்ள காது வைக்கலாம். ஒயரைப் பிடுங்கிப் போடுங்க.”

பிடுங்குவதாவது. வேவு பார்க்க ஆள் வைத்தால் அவனுக்குச் சோறு போட வேண்டும். அவன் வாயையும் அடைக்க வேண்டும். இதுவோ சோறு கேட்காத ஒற்றன். ஐரேனிடம் அவன் மூச்சுவிடவில்லை.

சாயங்காலமானால் கடையில் அண்டாக்களின் மறைவில் போனைக் காதோடு அணைத்து உட்கார்ந்துவிடுவான். கடுகு வெடிப்பது, மின்விசிறி கிறீச்சிடுவது, கோவில்பத்தில் இருந்த வீட்டின் பின்கதவைக் கடற்காற்று இழுத்து இழுத்து விடுவது, இவற்றுக்கு நடுவே வாத்தியார் வினைச்சொற்களை ஒப்பிப்பதும் ஐரேன் திருப்பிச் சொல்வதும் அவனுக்குத் தெளிவாக வந்து சேரும். அதைத் தாண்டி ஒரு வார்த்தை இல்லை. சந்தேகப்பட்டவனை அது இன்னும் கடுப்பேற்றியது.

அப்படி ஒரு நாள், வாத்தியார் கிளம்பிப்போய், ஐரேன் தலைவாரிக்கொண்டு ஏதோ முனகிக்கொண்டிருந்தபோது, அந்தக் கம்பியிலேயே இன்னொரு ‘க்ளிக்’ கேட்டது. யாரோ மூச்சுவிட்டார்கள். வீட்டிலிருந்து அல்ல. அவனைப்போலவே வெளியே எங்கோ உட்கார்ந்து கேட்கிற மூச்சு.

 ஓகுஸ்தேனுக்குப் பயத்தைவிடப் பொறாமை முந்திக்கொண்டது. என் பெண்டாட்டி தலைவாரும் சத்தத்தைக் கேட்க இன்னொருவனா? ஒயரைப் பிடுங்கினால் அவன் தப்பிவிடுவான். ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமென்று இன்னும் அதிகமாகக் கேட்டான். அவன் கேட்கக் கேட்க அந்த மூச்சும் கேட்டது. நாளாக ஆக மூச்சு அவனுடைய தாளத்துக்கு வந்தது. அவன் அடக்கினால் அதுவும் அடக்கியது.

மரியசெல்வம் காய்ச்சலென்று வராத அன்று, விளக்கு வைக்கும் நேரம். போனில் முதலில் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம். வாசற்கதவு திறந்தது.

“இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டீங்க?” ஐரேனின் குரல்.

“கடையில மனசு ஓடல,” என்றது ஆண்குரல்.

ஓகுஸ்தேனுக்கு அந்தக் குரல் தெரியும். சளி கட்டிய அந்தக் கரகரப்பு தெரியும். அது அவன் குரல். கம்பியில் கூடவே கேட்டுவந்த மூச்சு இன்று இல்லை.

நேற்று என்ன படித்தாய் என்று அந்தக் குரல் விசாரித்தது. அவன் ஒருநாளும் விசாரித்ததில்லை. ஐரேன் ஒரு வினைச்சொல்லைச் சொல்லித் தப்பு விட்டாள், சிரித்தாள். அவனுக்கென்று ஒருநாளும் செலவழிக்காத சிரிப்பு.

“ஐரேன்!” என்று போனுக்குள் கத்தினான். சத்தம் அந்தப் பக்கம் போகவில்லை. கேட்கத்தான் முடியும்.

கடையைப் பூட்டாமல் ஓடினான். ஸ்கூட்டர் கடை வாசலிலேயே நின்றது, அவனுடையது. உதைத்தான். தெரு. காற்று. உப்பு வாடை. கோவில்பத்து. வீட்டு ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். வாசலில் வேறு வண்டி இல்லை.

கதவைத் தட்டினான்.

“யாரது?” ஐரேன்.

நான்தான் என்று வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. நாக்கு புரண்டது. சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றான். காற்றுகூட வரவில்லை.

“நீ உக்காரும்மா, நான் பாக்கிறேன்,” என்றது உள்ளே அவன் குரல்.

வெறுங்கால் சத்தம் நெருங்கியது. கதவுக்கு அந்தப்புறம் நின்றது. ஓகுஸ்தேன் இரண்டு கையாலும் கதவைக் குத்தினான். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. கதவு ஓசைப்படவில்லை.

“யாருங்க?” என்று உள்ளிருந்து கேட்டாள் ஐரேன்.

“யாருமில்ல,” என்றது அவன் குரல். மேல்தாழ்ப்பாள் விழுந்தது.